அசைவின் கதை – 17: வீஸ்லோக் மருந்துக்கடையும் ஹைல்ப்ரான் டாக்டரும்

ஜெர்மனியின் வால்டோர்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம்தான் நினைவுக்கு வரும். 1977 முதல் அதன் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்கா போய்ப் பெரும் பணக்காரரான ஜான் ஜேக்கப் ஆஸ்டர் 1763ல் பிறந்ததும் அதே ஊரில்தான். நியூயார்க்கின் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்கு அப்படித்தான் பெயர் வந்தது. ஆனால் இந்தத் தொடர் அந்த ஊர்ப்பக்கம் திரும்புவதற்குக் காரணம் அதன் ரயில் நிலையம். அதன் பெயர்ப்பலகையில் வீஸ்லோக், வால்டோர்ஃப் என்று இரண்டு ஊர்ப்பெயர்களும் சேர்ந்தே இருக்கும். நிலையத்துக்கு மேற்கே வால்டோர்ஃப். ரைன் ஆற்றுச் சமவெளி, பார்த்த இடமெல்லாம் தட்டை நிலம். கிழக்கே வீஸ்லோக், அங்கிருந்துதான் கிரைஷ்காவ் குன்றுகள் எழும்பத் தொடங்குகின்றன.

1888 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அந்த வீஸ்லோக்கின் மருந்துக்கடை முன்னால் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. குதிரை பூட்டாத வண்டி. இறங்கிய பெண்ணுக்கு வயது 39. கூட இரண்டு பையன்கள், 15 வயது ஓய்கன், இன்னும் 14 வயதுகூட ஆகாத ரிச்சர்ட். துணியில் கறை போக்க விற்கப்படும் லிக்ரோயின் என்ற பெட்ரோலியத் திரவத்தைக் கேட்டு வாங்கினார்கள். வாங்கியது கறை போக்க அல்ல, வண்டிக்கு ஊற்ற. உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடையை இன்று சொல்கிறார்கள்.

அந்தப் பெண் பெர்தா பென்ஸ். கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், மன்ஹைம் நகரிலிருந்து தன் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டிருந்தார். ஏறத்தாழ 106 கிலோமீட்டர். அதுவரை கார் என்ற ஒன்று தெருவில் ஓட்டிக் காட்டும் வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது. 1886 ஜனவரி 29ல் அதற்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தாயிற்று, அந்த ஜூலையில் மன்ஹைம் வீதியில் மக்கள் முன்னால் ஓட்டியும் ஆயிற்று. வாங்கத்தான் ஆள் இல்லை. திருமணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கார்லின் தொழிலில் போட்டுத் தூக்கிவிட்டவர் பெர்தா. அந்த வண்டி நெடுந்தூரம் போகும் என்று ஊருக்குக் காட்ட வேண்டிய அக்கறை, கணவரைவிட அவருக்கு அதிகமாகவே இருந்தது.

சென்ற இதழில் லைப்னிட்ஸ் கட்சியும் டெகார்ட் கட்சியும் போட்ட சண்டையைப் பார்த்தோம். ஓடும் பொருளிடம் இருப்பதை அளக்க, நிறையை வேகத்தால் ஒரு முறை பெருக்குவதா, இரண்டு முறை பெருக்குவதா என்ற சண்டை. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைத்ததில் வால்டோர்ஃபைச் சுற்றியுள்ள ஐம்பது கிலோமீட்டர் நிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்தாவின் பயணத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போவது எனக்குச் சுலபமாகத் தெரிகிறது. அந்த ஒரு நாளில் அவர் பட்ட பாடு ஒவ்வொன்றும் இயற்பியலின் ஒவ்வொரு விதி.

முதலில் சமதளம். மன்ஹைமைச் சுற்றியுள்ள தட்டைச் சாலைகளுக்கு இதற்கு முன்பே ஒரு பெருமை உண்டு. 1817 ஜூன் 12 அன்று, வனத்துறை அதிகாரியாக இருந்த கார்ல் டிரைஸ், இரண்டு சக்கரங்களை முன்னும் பின்னுமாக வைத்த ஒரு மரச் சட்டத்தில் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி, மன்ஹைமிலிருந்து ஷ்வெட்சிங்கன் சாலையில் போய்த் திரும்பினார். சைக்கிளின் மூதாதை அதுதான். பெடல் கிடையாது, சங்கிலி கிடையாது. ஆனாலும் நடப்பவரை எளிதாக முந்தினார். காரணம் எளிமையானது. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் நம் உடல் சற்று மேலே எழும்பிக் கீழே இறங்குகிறது; எழுப்பிய உழைப்பில் பெரும்பகுதி இறங்கும்போது வீணாகிறது. உட்கார்ந்துவிட்டால் உடல் ஒரே மட்டத்தில் போகும். ஒரு முறை உந்தினால், தடுக்க எதுவும் இல்லாதவரை ஓடிக்கொண்டே இருக்கும் என்று கலிலியோவும் நியூட்டனும் சொன்னதை டிரைஸ் தன் இரண்டு கால்களால் உணர்ந்திருப்பார்.

தடுக்க எதுவும் இல்லாதவரை என்பதுதான் சங்கடம். 1888ன் சாலை மண்ணும் சரளையும். வண்டியும் மூன்று பேரும் சேர்ந்து 500 கிலோ என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்தச் சாலையில் சக்கரம் உருளுவதற்கு எதிராக நிற்கும் விசை, எடையில் நூற்றில் மூன்று பங்கு என்று எடுத்துக்கொண்டால், சுமார் 147 நியூட்டன் வரும். இதை 106 கிலோமீட்டர் தூரமும் விடாமல் வெல்ல வேண்டும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. கணக்குப் போட்டால் ஒன்றரைக் கோடி ஜூலுக்குச் சற்று மேல் வருகிறது.

இனி மேடு. மன்ஹைம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஃபோர்ட்ஸ்ஹைம் அதைவிட ஏறக்குறைய 170 மீட்டர் உயரம். 500 கிலோவை 170 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு? சுமார் எட்டே கால் லட்சம் ஜூல். சாலையின் உராய்வு தின்ற ஒன்றரைக் கோடியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்று கோடி ஜூலுக்கு மேல் ஆற்றல் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால், ஃபோர்ட்ஸ்ஹைமின் உயரத்துக்கு வண்டியைத் தூக்க 25 மில்லி லிக்ரோயின் போதும்.

அப்படியானால் வழியில் வந்த மேடுகளில் ஓய்கனும் ரிச்சர்டும் ஏன் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது?

ஆற்றல் என்பதும் திறன் என்பதும் வேறு வேறு என்பதை இந்த இடத்தைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தொட்டியில் இருந்த ஆற்றலுக்குக் குறைவில்லை. ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றலை இன்ஜின் வெளியே தரமுடியும் என்பதில்தான் குறை. காப்புரிமை பெற்ற முதல் வண்டியின் இன்ஜின் முக்கால் குதிரைத்திறன், அதாவது சுமார் 550 வாட். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் மேட்டில், 500 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை 490 நியூட்டன். 550ஐ 490ஆல் வகுத்தால் நொடிக்கு 1.1 மீட்டர். உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், அந்த இன்ஜினால் அந்த மேட்டில் மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் ஏற முடியாது. 1888ல் பெர்தா ஓட்டியதில் இன்ஜின் இதைவிடப் பெரியதுதான். ஆனால் அதிலும் இரண்டு வேகங்களுக்குத்தான் ஏற்பாடு இருந்தது. செங்குத்தான மேட்டுக்கு வேண்டிய அளவு மெதுவாகச் சக்கரத்தைச் சுழற்ற அதற்கு வழியில்லை. மெதுவாகச் சுழற்ற முடியாவிட்டால் வலுவாகவும் சுழற்ற முடியாது.

கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு இது புரியும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் போட்டு அந்தச் சாலையை ஏற்றியிருக்கிறார்கள். நேராக ஏற்றியிருந்தால் தூரம் குறைந்திருக்கும். பேருந்துக்கு வேண்டிய விசை பல மடங்கு கூடியிருக்கும். தூரத்தைக் கூட்டி விசையைக் குறைத்துக்கொள்கிறோம், பெருக்குத்தொகை மாறுவதில்லை. சாலையில் வளைவு செய்யும் அதே வேலையை வண்டிக்குள் கியர் செய்கிறது. இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி போகும் தூரத்தைக் குறைத்து, அந்த அளவுக்கு விசையைக் கூட்டித் தருகிறது. ஊர் திரும்பியதும் மேடு ஏறுவதற்கென்று இன்னொரு கியர் வைக்கச் சொன்னார் பெர்தா. கார்ல் வைத்தார். கார்களின் வரலாற்றில், ஓட்டிப் பார்த்தவர் சொல்லி மாற்றிய முதல் குறை அதுவாகத்தான் இருக்கும்.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததும், பற்றவைக்கும் மின்கம்பி உராய்ந்து கெட்டபோது கால்பட்டியை எடுத்துச் சுற்றியதும், நீண்டுபோன சங்கிலியைப் புரூக்சாலில் கொல்லரிடம் கொடுத்துச் சரிபார்த்ததும் பலரும் எழுதிவிட்ட கதைகள். நம் கதைக்கு வேண்டியது இரண்டு: தண்ணீரும் பிரேக்கும்.

அந்த வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சூட்டில் கொதித்து ஆவியாகிப் போகும். அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டும். கிடைத்த இடத்தில் எல்லாம் பையன்கள் தண்ணீர் சேந்தி வந்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது சுமார் 22 லட்சத்து 60 ஆயிரம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். மொத்த வண்டியையும் ஃபோர்ட்ஸ்ஹைம் உயரத்துக்குத் தூக்க எட்டே கால் லட்சம் ஜூல். வழியில் எங்கோ ஆவியாகிக் காற்றில் கலந்த ஒவ்வொரு லிட்டர் தண்ணீரோடும் அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் ஆற்றல் போய்விட்டது. புகைக்குழாய் வழியே போனது தனிக் கணக்கு.

பிரேக் இன்னும் வெளிப்படையான பாடம். ஏறும்போது சேர்த்துவைத்த ஆற்றலை இறங்கும்போது எங்காவது கொண்டுபோய்த் தள்ள வேண்டும். தள்ளிய இடம் மரத்தாலான பிரேக் கட்டைகள். அவை சூடாகித் தேய்ந்தன. பௌஷ்லோட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார் பெர்தா. பிரேக் லைனிங் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது அங்கே பிறந்தது.

இறக்கத்தில் வண்டி இழந்த அசைவும் பிரேக் கட்டையில் ஏறிய சூடும் ஒரே பொருளின் இரண்டு உருவங்கள். ஒன்று குறைந்த அளவுக்குத் துல்லியமாக மற்றொன்று கூடும். இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லும். இதை எண்ணோடு சேர்த்து முதன்முதல் அச்சில் சொன்ன மனிதர், வால்டோர்ஃபிலிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ள ஹைல்ப்ரான் நகரில் வாழ்ந்தார். இயற்பியல் பேராசிரியர் அல்ல. ஊர் டாக்டர். பெயர் ராபர்ட் மேயர். பெர்தா மேடு ஏறிய ஆண்டில் அவர் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பிறந்தது 1814 நவம்பர் 25. கார்ல் பென்ஸ் பிறந்தது 1844 நவம்பர் 25. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மேயரின் அப்பா மருந்துக்கடை வைத்திருந்தவர். சிறுவனாக இருந்தபோது மேயர் ஓடையில் ஒரு நீர்ச்சக்கரத்தை வைத்து, அது சுற்றும் பலத்தைக்கொண்டே கீழே விழுந்த தண்ணீரை மேலே ஏற்றி, மறுபடி அதே சக்கரத்தில் விழவைத்து, என்றும் நிற்காத இயந்திரம் செய்யப் பார்த்தார். நின்றுவிட்டது. ஏன் நின்றது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

டியூபிங்கனில் மருத்துவம் படித்து முடித்து, 1840 பிப்ரவரியில் ராட்டர்டாமிலிருந்து புறப்பட்ட ஒரு டச்சுக் கப்பலில் டாக்டராக ஏறினார். கப்பல் போன இடமும் ஜாவா, கப்பலின் பெயரும் ஜாவா. சில மாதங்களில் அந்தத் தீவை அடைந்தது. அக்காலத்து வழக்கப்படி நோயாளிகளின் சிரையைக் கீறி ரத்தம் எடுப்பார்கள். சுரபயாவில் மாலுமிகளுக்கு அப்படி எடுத்தபோது மேயர் திடுக்கிட்டார். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வந்ததோ பளிச்சென்ற சிவப்பு. தவறித் தமனியைக் கீறிவிட்டோமோ என்று ஒரு கணம் பயந்தார். வெப்ப நாடுகளில் இது வழக்கம்தான் என்று அங்கிருந்த மருத்துவர்கள் சொன்னார்கள்.

அவர்களுக்கு அது பழகிப்போன செய்தி. மேயர் அந்த இடத்தில் பிடித்துக்கொண்டார். உடம்புச் சூடு உணவு மெல்ல எரிவதால் வருகிறது என்று லவாசியே முன்பே சொல்லியிருந்தார். வெளியே சூடாக இருந்தால் உடம்பு குறைவாக எரித்தால் போதும்; ரத்தத்தின் ஆக்சிஜனும் குறைவாகவே செலவாகும்; சிரை ரத்தம் சிவப்பாகவே திரும்பும். மேயர் அடுத்த படிக்குப் போனார். மனிதன் உடம்பைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை, வேலையும் செய்கிறான். மூட்டை தூக்குகிறான், கயிறு இழுக்கிறான், கையை உரசி வெளியே சூடு உண்டாக்குகிறான். எரிந்த உணவு ஒன்று. வெளிவந்தது உடம்புச் சூடும் உழைப்பும். இரண்டையும் கூட்டினால்தான் கணக்கு நேராகும். அப்படியானால் சூட்டுக்கும் உழைப்புக்கும் நடுவே மாறாத ஒரு மாற்று விகிதம் இருந்தே ஆக வேண்டும்.

வெப்பத்தில் சிரை ரத்தம் சிவப்பாக இருப்பதற்கு இன்றைய உடலியல் முக்கியமாகச் சொல்லும் காரணம் வேறு. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் மிகுதியாகப் பாய்கிறது. ஆக்சிஜன் அதிகம் செலவாகாமலே சிரைக்குத் திரும்புகிறது. மேயர் பிடித்த நூல் பாதி இற்றுப்போன நூல். அதைப் பிடித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த இடமோ அசைக்க முடியாத இடம். அறிவியல் வரலாற்றில் இதைவிட வியப்பான பாதை அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். புயலில் அலைக்கழிந்த கடல்நீர் அமைதியான கடல்நீரைவிடச் சூடாக இருக்கும் என்று மாலுமி ஒருவர் சொன்னதும் அவர் மனத்தில் தங்கியது.

1841ல் ஊர் திரும்பியதும் ஒரு கட்டுரை எழுதி, பெர்லினில் பொகெண்டார்ஃப் நடத்திய புகழ்பெற்ற இயற்பியல் இதழுக்கு அனுப்பினார். பதிலே வரவில்லை. அந்தக் கட்டுரையில் பிழை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும் பொருளின் அளவாக நிறையை வேகத்தால் ஒரே ஒரு முறை பெருக்கியிருந்தார். சென்ற இதழில் டெகார்ட் கட்சியினர் சொன்ன அதே அளவு. ஒரே எடையுள்ள இரண்டு களிமண் உருண்டைகள் எதிரெதிரே ஒரே வேகத்தில் வந்து மோதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. அந்த ஒருமுறைப் பெருக்கலை, அதாவது உந்தத்தை, திசையோடு கூட்டினால் மோதலுக்கு முன்பும் சுழி, பின்பும் சுழி. எதுவும் தொலையவில்லை என்று கணக்குச் சொல்லும். ஆனால் அசைவு கண்முன்னே நின்றுவிட்டதே? நண்பர் கார்ல் பௌர் கணக்குச் சொல்லிக்கொடுக்க, மேயர் வேகத்தை இரண்டு முறை பெருக்கக் கற்றுக்கொண்டார். அந்த அளவுக்கு எதிர்த்திசை, நேர்த்திசை என்ற பேதம் கிடையாது, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாது. களிமண் உருண்டைகளில் அது தொலைந்தது என்றால் வேறு உருவில் எங்கோ இருக்க வேண்டும். களிமண்ணைத் தொட்டுப் பார்த்தால் சூடு.

இந்தக் காலத்தில் அவர் ஹைடல்பெர்க் போனார். வால்டோர்ஃபுக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பல்கலைக்கழக நகரம். அங்கே இயற்பியல் ஆசிரியர் ஃபிலிப் ஜாலியிடம் தன் கருத்தைச் சொன்னார். நீ சொல்வது உண்மையானால் தண்ணீரைக் குலுக்கினாலே சூடாக வேண்டுமே என்றாராம் ஜாலி. மேயர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். சில வாரங்கள் கழித்துத் திடீரென்று உள்ளே நுழைந்து, அப்படித்தான் ஆகிறது, அப்படித்தான் ஆகிறது என்று தன் ஊர்ப் பேச்சிலேயே சொன்னார். முன்பு நடந்த பேச்சை மறந்துவிட்ட ஜாலிக்கு, இவர் எதைச் சொல்கிறார் என்று புரியவே சிறிது நேரம் பிடித்ததாம். குலுக்கிக் குலுக்கித் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி அளவுக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார் மேயர். இதே ஜாலிதான் பல ஆண்டுகள் கழித்து, மியூனிக்கில் படிக்க வந்த மாக்ஸ் பிளாங்கிடம், இயற்பியலில் இனிப் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை என்று அறிவுரை சொன்னவர்.

1842 மே மாதம் லீபிக் நடத்திய வேதியியல் இதழில் மேயரின் கட்டுரை வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட சிறிய கட்டுரை. அதன் இறுதியில் ஓர் எண் இருக்கிறது: ஒரு பொருள் 365 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும், அதே எடைத் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குவதும் சமம். ஆய்வுக்கூடம் இல்லாத ஒரு டாக்டர் இந்த எண்ணை எப்படிக் கண்டார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில்தான் அவருடைய அறிவின் கூர்மை தெரிகிறது.

மூடிய கலத்தில் காற்றை அடைத்துச் சூடாக்குங்கள். அது விரிய முடியாது. கொடுத்த வெப்பம் முழுவதும் காற்றின் சூட்டை ஏற்றுவதற்கே போகும். இனி, மேலே ஏறக்கூடிய பிஸ்டனின் கீழே அதே காற்றை வைத்து, அதே டிகிரிக்குச் சூடாக்குங்கள். இப்போது கூடுதல் வெப்பம் தேவைப்படும். ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்பே அளந்து வைத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் வெப்பம் எங்கே போனது? காற்று விரியும்போது தன்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலத்தைத் தள்ளி உயர்த்துகிறது; வேலை செய்கிறது. கூடுதல் வெப்பம் இவ்வளவு, அது தூக்கிய எடையும் உயரமும் இவ்வளவு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மாற்று விகிதம் கையில். எல்லோரிடமும் இருந்த அளவுகள்தான். இதைக் கேட்கத் தோன்றியது ஹைல்ப்ரான் டாக்டருக்கு. சரியான எண் 427 மீட்டர். அன்றைய வாயு அளவீடுகளில் இருந்த பிழையால் அவருக்கு 365 வந்தது. வழி முற்றிலும் சரி.

அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் தன் அளவீடுகளை வெளியிடத் தொடங்கினார். மேயரை அவர் அறிந்திருக்கவில்லை. விழும் எடைகளால் தண்ணீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி ஆண்டுக்கணக்கில் அளந்து, 1850 வாக்கில் உண்மைக்கு மிக நெருங்கிய எண்ணைத் தந்துவிட்டார். 1847ல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெர்லினில் இதைக் கணிதமாகக் கட்டி எழுப்பினார். மூவரும் மூன்று வழியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் வந்தவரைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மேயர் ஓயவில்லை. 1845ல் தன் செலவிலேயே ஹைல்ப்ரானில் ஒரு நூல் அச்சிட்டார். செடிகள் சூரிய ஒளியைப் பிடித்து வைக்கின்றன, நாம் அதைத் தின்று உழைக்கிறோம் என்று அதில் விளக்கினார். 1848ல் சூரியன் எப்படி எரிகிறது என்பதைப் பற்றி இன்னொன்று. அதே ஆண்டில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார். முதலில் சொன்னவர் யார் என்ற சர்ச்சையில் கேலிக்கு ஆளானார். 1850 மே மாதம் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார், உயிர் தப்பியது. பிறகு மனநல விடுதிகளில் அடைத்து, கட்டிவைத்துச் சிகிச்சை என்ற பெயரில் கொடுமை செய்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்ற செய்திகூட அறிவுலகில் பரவியிருந்தது. உயிரோடு இருந்த மனிதர் அதையும் படிக்க வேண்டியிருந்தது.

1862ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் டிண்டால் எழுந்து மேயரின் பெயரை உரக்கச் சொன்னார். ஸ்காட்லாந்தின் டெய்ட்டும் வில்லியம் தாம்சனும் ஜூலின் பக்கம் நின்று கடுமையாக எதிர்த்தார்கள். சோதனை செய்து நிறுவியவருக்கே புகழ் என்பது அவர்கள் வாதம். ஜூலின் உழைப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் முதலில் கேட்டவரையும் முதலில் எண் சொன்னவரையும் அந்த வாதம் வெளியே நிறுத்தியது நியாயமல்ல. ராயல் சொசைட்டி 1870ல் ஜூலுக்கும் 1871ல் மேயருக்கும் காப்ளி பதக்கம் கொடுத்து வழக்கை ஒருவாறு தீர்த்தது. 1878 மார்ச் 20ல் காசநோயால் மேயர் இறந்தார்.

வால்டோர்ஃபை ஒட்டி இன்று ஏ5, ஏ6 என்ற இரண்டு பெரும் ஆட்டோபான்கள் குறுக்கிடுகின்றன. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டரில் போகிற கார் பென்ஸின் முதல் வண்டியைப்போலப் பத்து மடங்கு வேகம். ஒரே எடை என்று வைத்தால், அதனிடம் உள்ள இயக்க ஆற்றல் நூறு மடங்கு. 1500 கிலோ கார் அந்த வேகத்திலிருந்து நிற்பதற்குள் வெளியே விடும் ஆற்றலைக் கொண்டு, நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய ஐந்து லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று ஓட்டுநர் பயிற்சியில் சொல்வது லைப்னிட்ஸ் சொன்ன இருமுறைப் பெருக்கல்தான். மின்சாரக் கார்களோ அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பிரேக்கில் எரிக்காமல், மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றித் திரும்ப பேட்டரியில் ஏற்றிக்கொள்கின்றன. பெர்தாவின் தோல் லைனிங் போக்கிய சூட்டில் ஒரு பங்கைக் காப்பாற்றும் வழி பரவலாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வால்டோர்ஃபில் வேலை பார்க்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. வீஸ்லோக் மருந்துக்கடைக் கட்டடம் இன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க நிறையப் பேர் போகிறார்கள். ஹைல்ப்ரானுக்கும் ஒருமுறை போய், மேயரின் சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வாயுவுக்கு மாறா அழுத்தத்தில் உள்ள மோலார் தன்வெப்ப ஏற்புத்திறனிலிருந்து மாறாப் பருமனில் உள்ளதைக் கழித்தால் வாயு மாறிலி வரும் என்ற சமன்பாட்டை, மேயர் தொடர்பு என்று கரும்பலகையில் எழுதுகிறீர்கள். அந்தக் கழித்தலில்தான் 1842ன் 365 மீட்டர் பிறந்தது. ஜாவாவில் ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துத் திடுக்கிட்ட அந்த டாக்டரைப் பற்றி ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, பிறகு சமன்பாட்டுக்குப் போங்கள்.

(அடுத்த இதழில்: ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஹைடல்பெர்க்கில் இருந்த ஆண்டுகள்)